மகனைத் தேடி வந்த ஏஜென்ட்டுக்குச் சம்பளம் யார் தருகிறார்?

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. வியாசர்பாடியில் ஒரு கிளப்பில் கால்பந்து ஆடுகிறான். ஒரு போட்டியில் அவன் ஆட்டத்தைப் பார்த்த ஒருவர், தான் ஏஜென்ட் என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். ஐரோப்பாவில் ட்ரையல் ஏற்பாடு செய்து கிளப்பில் சேர்த்துவிடுகிறாராம். அதற்கு மூன்றரை லட்சம் முன்பணம். அப்புறம் ஐந்து வருடத்துக்கு அவர்தான் ஏஜென்ட் என்று ஓர் ஒப்பந்தம். இந்தத் தொழில் எப்படி நடக்கிறது? இவர்களை யார் கட்டுப்படுத்துகிறார்கள்? நம்பலாமா?

பதில்:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பணம் கொடுக்க வேண்டாம். அந்தத் தாளில் கையெழுத்தும் போட வேண்டாம். வந்தவர் ஏமாற்றுக்காரர் என்று முகம் பார்க்காமல் நான் சொல்ல முடியாது. ஆனால் 16 வயதில் ஐரோப்பா, முன்பணம், ஐந்து வருடம் என்று அவர் சொன்ன மூன்றுமே இந்தத் தொழிலின் விதிகளோடு ஒட்டவில்லை. ஏன் ஒட்டவில்லை என்பது விளங்க வேண்டுமானால், ஏஜென்ட்டுக்கு வருமானம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

வாடகைக்கு வீடு தேடியிருந்தால் புரோக்கரைத் தெரிந்திருக்கும். உங்களிடம் ஒரு மாத வாடகை வாங்குவார், வீட்டுக்காரரிடமும் ஒரு மாத வாடகை வாங்குவார். வாடகையைக் குறைத்துப் பேசித் தருகிறேன் என்பார். ஆனால் வாடகை கூடினால்தான் அவர் கமிஷனும் கூடும். கால்பந்தில் ஏஜென்ட் தொழில் பல ஆண்டுகளாக இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. வீரருக்காகப் பேசுகிறவர் அவர். ஆனால் பெரும்பாலும் அவருக்குப் பணம் கொடுப்பது வீரரை வாங்கும் கிளப். விற்கும் கிளப்பும் சில நேரம் அதே ஏஜென்ட்டை அமர்த்திக்கொள்ளும். அப்போது ஒரே மேசையின் மூன்று பக்கமும் ஒரே ஆள் உட்கார்ந்திருப்பார்.

இதற்கு ஊரறிந்த உதாரணம் 2016இல் பால் போக்பா யுவென்டஸிலிருந்து மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் போனது. விலை ஏறத்தாழ 8.9 கோடி பவுண்டு, அன்றைக்கு உலக சாதனை. அவருடைய ஏஜென்ட் மீனோ ரயோலாவுக்கு இந்த ஒரே பேரத்தில் 4 கோடி பவுண்டுக்கு மேல் சேர இருந்ததாகவும், மூன்று தரப்பிலிருந்தும் அது வந்ததாகவும் 2017இல் கசிந்த ஆவணங்கள் காட்டின. ரயோலா எங்கிருந்து வந்தவர் என்று பாருங்கள். இத்தாலியில் பிறந்து நெதர்லாந்தின் ஹார்லெம் நகரில் குடும்பத்து உணவகத்தில் வேலை பார்த்து வளர்ந்தவர், பல மொழி பேசியவர். கிறிஸ்டியானோ ரொனால்டோவின் ஏஜென்ட்டாக இருந்த ஜார்ஜ் மெண்டஸும் அப்படித்தான். போர்ச்சுகலில் வீடியோ கடையும் இரவு விடுதியும் நடத்திக்கொண்டிருந்தார். அங்கே பழக்கமான நூனோ எஸ்பிரிடோ சாண்டோ என்ற கோல்கீப்பரை ஸ்பெயினுக்குக் கொண்டுபோனதுதான் அவருடைய முதல் பேரம். இந்தத் தொழிலுக்குப் பட்டம் தேவைப்பட்டதில்லை. யாரைத் தெரியும், யார் போனை எடுப்பார்கள் என்பதுதான் முதலீடு.

இதில் புரளும் பணம் எவ்வளவு என்று கேட்டால், 2023ஆம் ஆண்டில் நாடு விட்டு நாடு மாறிய வீரர்களுக்காக மட்டும் கிளப்புகள் ஏஜென்ட்டுகளுக்குக் கொடுத்தது 88 கோடி டாலருக்கு மேல் என்று உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா கணக்கு வெளியிட்டது. இங்கிலாந்தில் பிரீமியர் லீக் கிளப்புகள் 2023 பிப்ரவரியிலிருந்து ஓராண்டில் கொடுத்தது 40.96 கோடி பவுண்டு. செல்சி மட்டும் 7.5 கோடி. இவ்வளவு பணம் ஓடும் இடத்தில் கட்டுப்பாடு இல்லாமலா இருக்கும் என்று தோன்றும். கட்டுப்பாடு இருந்தது, பிறகு எடுத்துவிட்டார்கள், மறுபடி கொண்டுவந்தார்கள், பாதியை நீதிமன்றங்கள் நிறுத்திவைத்தன. இதுதான் சுருக்கமான வரலாறு. கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

1990களில் ஃபிஃபா முதல்முறையாக ஏஜென்ட் உரிமம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. உரிமம் வேண்டுமானால் 2 லட்சம் சுவிஸ் ஃபிராங்க் வங்கியில் பிணையாகக் காட்ட வேண்டும். சாமானியன் இந்தத் தொழிலுக்குள் வரவே முடியாது. லோரான் பியோ என்ற பிரெஞ்சுக்காரர் இதை எதிர்த்து 1998இல் ஐரோப்பிய ஆணையத்திடம் புகார் கொடுத்தார். அதன் விளைவாக 2001இல் விதிகள் தளர்ந்தன. எழுத்துத் தேர்வு வந்தது, பிணைக்குப் பதிலாகக் காப்பீடு போதும் என்றானது. ஆனாலும் ஃபிஃபாவே பின்னால் ஒப்புக்கொண்டபடி, சர்வதேச ட்ரான்ஸ்ஃபர்களில், அதாவது வீரர்கள் நாடு விட்டு நாடு கிளப் மாறும் பேரங்களில், உரிமம் பெற்ற ஏஜென்ட் நடத்தியது 25 முதல் 30 சதவீதம்தான். மீதியெல்லாம் யாரோ ஒரு மாமா, அண்ணன், வக்கீல், அல்லது பெயரே இல்லாத ஆள்.

இப்படி நிழலில் நடக்கும் பேரத்தில் என்ன ஆகும் என்பதற்கு லண்டனின் ஆர்சனல் கிளப் கதை ஒன்று போதும். அந்தக் கிளப்புக்கு இரண்டு முறை லீக் பட்டம் வாங்கித் தந்த மேலாளர் ஜார்ஜ் கிரஹாம் 1995 பிப்ரவரியில் வேலையை இழந்தார். 1991, 1992 ஆண்டுகளில் லிடர்சன், யென்சன் என்ற இரண்டு வீரர்களை வாங்கிய பேரங்களையொட்டி, ரூனே ஹௌகே என்ற நார்வே ஏஜென்ட்டிடமிருந்து 4,25,000 பவுண்டு அவர் கைக்கு வந்திருந்தது. கேட்காமலே வந்த அன்பளிப்பு என்பது அவர் வாதம். வட்டியோடு கிளப்பிடம் திருப்பிக் கொடுத்தும் பயனில்லை, ஓராண்டு தடை விழுந்தது. வாங்குகிறவனுக்கு வேலை செய்யும் மேலாளருக்கே விற்கிறவன் பக்கத்திலிருந்து பணம் வரலாம் என்றால், கிளப்பின் காசை வாங்கிக்கொண்டு வீரருக்காகப் பேசும் ஏஜென்ட்டைப் பற்றிச் சொல்லவா வேண்டும்!

சரி, 2015க்கு வருவோம். உரிம முறை வேலை செய்யவில்லை என்று சொல்லி, ஃபிஃபா அதை அந்த ஏப்ரல் 1ஆம் தேதியோடு கைவிட்டது. ஏஜென்ட் என்ற பெயரே போய் 'இடைத்தரகர்' என்றானது. தேர்வு கிடையாது. அந்தந்த நாட்டுச் சங்கத்தில் பெயரைப் பதிந்தால் போதும். கமிஷன் 3 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்று ஒரு பரிந்துரை மட்டும் வைத்தார்கள், அதை யாரும் மதிக்கவில்லை. பூட்டு சரியில்லை என்று கதவையே கழற்றி வைத்த மாதிரி இருந்தது. அந்த எட்டு வருடத்தில் கமிஷன் தொகை ஏறிய ஏற்றத்தைப் பார்த்துத்தான் 2022 டிசம்பரில் புதிய விதித்தொகுப்பை ஃபிஃபா நிறைவேற்றியது. 2023இல் அது நடைமுறைக்கு வந்தது. உங்கள் மகனுக்குப் பொருந்துவது இதுதான்.

மறுபடி உரிமம், மறுபடி தேர்வு. 20 கேள்விகள், 75 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. 2023 ஏப்ரலில் நடந்த முதல் தேர்வை 3,800 பேர் எழுதினார்கள், கிட்டத்தட்ட பாதிப் பேர்தான் தேறினார்கள். அதோடு கமிஷனுக்கு உச்சவரம்பும் வந்தது. வீரரின் ஆண்டு வருமானம் 2 லட்சம் டாலருக்குள் இருந்தால் 5 சதவீதம், அதற்கு மேலே உள்ள தொகைக்கு 3 சதவீதம். விற்கும் கிளப்பின் ஏஜென்ட்டுக்கு ட்ரான்ஸ்ஃபர் தொகையில் 10 சதவீதம். ஒரு பேரத்தில் மூன்று பக்கமும் ஒரே ஆள் உட்காரக் கூடாது என்றும், யாருக்காகப் பேசுகிறாரோ அவர்தான் பணம் தர வேண்டும் என்றும் சேர்த்தார்கள். என்னைக் கேட்டால் அந்தக் கடைசி விதிதான் உண்மையான சீர்திருத்தம். சதவீதம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

பெரிய ஏஜென்ட் நிறுவனங்கள் சும்மா இருக்குமா? வழக்கு மேல் வழக்கு. 2023 ஜூலையில் லோசானில் இருக்கும் விளையாட்டு நடுவர் தீர்ப்பாயம் ஃபிஃபா பக்கம் நின்றது. அதற்கு முன்பே மே மாதத்தில் ஜெர்மனியின் டோர்ட்முண்ட் நீதிமன்றம் இந்த விதிகளுக்கு இடைக்காலத் தடை போட்டிருந்தது. நவம்பர் கடைசியில் இங்கிலாந்தில் ஒரு நடுவர் மன்றம், கமிஷன் உச்சவரம்பு போட்டிச் சட்டத்துக்கு, அதாவது சந்தையில் போட்டியை முடக்கக் கூடாது என்கிற சட்டத்துக்கு, விரோதமானது என்று சொல்லிவிட்டது. ஜெர்மனியின் மைன்ஸ் நீதிமன்றம் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்துக்கே கேள்வியை அனுப்பிவிட்டது. 2023 டிசம்பர் 30 அன்று ஃபிஃபா உச்சவரம்பு, யார் பணம் தருவது, பல தரப்புக்கு ஒரே ஆள் பேசுவது முதலிய விதிகளை உலகம் முழுவதும் நிறுத்திவைத்தது. உரிமம், தேர்வு, ஒப்பந்த நிபந்தனைகள், சிறுவர் பாதுகாப்பு ஆகியவற்றில் கைவைக்கவில்லை. நல்லவேளையாக உங்களுக்குத் தேவையானது அந்த மிச்சத்தில்தான் இருக்கிறது.

இதில் எனக்கு ஒரு கருத்து உண்டு. அமெரிக்காவில் இதே உச்சவரம்பு பல வருடமாகச் சண்டையில்லாமல் நடக்கிறது. அமெரிக்கன் ஃபுட்பாலில் ஏஜென்ட் 3 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது, கூடைப்பந்தில் 4 சதவீதம். அங்கே அதை விதித்தது லீக் இல்லை, வீரர்களின் தொழிற்சங்கம். அமெரிக்கத் தொழிலாளர் சட்டப்படி வீரர்களுக்காகப் பேரம் பேசும் உரிமை சங்கத்துக்கே சொந்தம். அந்த உரிமையில் ஒரு துண்டைத்தான் ஏஜென்ட்டுக்குக் கொடுத்து, இவ்வளவுதான் வாங்கலாம் என்று சங்கம் சொல்கிறது. கமிஷன் வீரரின் சொந்தப் பையிலிருந்து போவதால் அது அவருக்கு வலிக்கவும் வலிக்கிறது. 2023இல் லமார் ஜாக்சன் என்ற அமெரிக்கன் ஃபுட்பால் வீரர் ஏஜென்ட் இல்லாமலே 5 வருடத்துக்கு 26 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார். 3 சதவீதம் என்றால் 78 லட்சம் டாலர், அது மிச்சம். கால்பந்தில் ஃபிஃபாவோ கிளப்புகளையும் நாட்டுச் சங்கங்களையும் அடியில் வைத்துக் கட்டிய அமைப்பு. முதலாளிகள் பக்கத்து அமைப்பு, தொழிலாளியின் வக்கீலுக்கு இவ்வளவுதான் கூலி என்று சொன்னால் போட்டிச் சட்டம் குறுக்கே வராமல் என்ன செய்யும்? விதியின் அளவு நியாயமானது, போட்ட கைதான் தவறு என்பேன்.

கால்பந்திலும் ஏஜென்ட் இல்லாமல் பேசியவர்கள் உண்டு. 2021இல் கெவின் டி பிரைனா மான்செஸ்டர் சிட்டியோடு ஒப்பந்தம் புதுப்பித்தபோது அப்பாவும் வக்கீலும் கூட இருந்தார்கள். தான் அணிக்கு எவ்வளவு முக்கியம் என்று புள்ளிவிவர நிபுணர்களை வைத்துக் கணக்கெடுத்துக் காட்டினார். அது டி பிரைனாவுக்குச் சரி. 16 வயதுப் பையனுக்கு நல்ல ஏஜென்ட் கிடைத்தால் பயன்தான், அதை மறுக்கவில்லை.

இப்போது உங்கள் வீட்டுக்கு வந்தவர் சொன்னதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

16 வயதில் ஐரோப்பா. 18 வயது நிரம்பாத வீரரை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு மாற்றிப் பதிவு செய்ய ஃபிஃபா அனுமதிப்பதில்லை. விதிவிலக்குகள் மிகக் குறைவு. பெற்றோர் கால்பந்தோடு சம்பந்தமில்லாத காரணத்துக்காக அந்த நாட்டுக்குக் குடிபெயர்ந்திருக்க வேண்டும், அல்லது எல்லையை ஒட்டி வாழ வேண்டும். 16 வயதில் மாறலாம் என்பது ஐரோப்பாவுக்குள்ளேயே மாறுகிறவர்களுக்கு உள்ள சலுகை, வியாசர்பாடிக்கு இல்லை. இந்த விதியை மீறியதற்காக பார்சிலோனாவுக்கே 2014இல் தண்டனை விழுந்தது, இரண்டு ட்ரான்ஸ்ஃபர் பருவங்களில் யாரையும் பதிவு செய்ய முடியாது என்று. 2019இல் செல்சிக்கும் தடை வந்தது. அவ்வளவு பெரிய கிளப்புகளாலேயே முடியாததை இவர் எப்படிச் செய்வார்? சுற்றுலா விசாவில் கூட்டிக்கொண்டுபோய் ஏதோ ஒரு மைதானத்தில் நாலு நாள் ஆடவைத்து, 'கிளப்புக்குப் பிடிக்கவில்லை' என்று திருப்பி அனுப்பலாம். ஆப்பிரிக்காவிலிருந்து அப்படிக் கூட்டிப்போகப்பட்டு, திரும்ப டிக்கெட்டுக்கூட இல்லாமல் ஐரோப்பிய நகரங்களில் கைவிடப்பட்ட பையன்கள் ஏராளம். அந்த 18 வயது விதி எழுதப்பட்டதே அவர்களால்தான்.

18 முடிந்த பிறகும் வழி எளிதில்லை. 2009இல் சுனில் சேத்ரியை லண்டனின் குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. இந்தியாவின் உலகத் தரவரிசை போதாது என்று பிரிட்டன் வேலை அனுமதி மறுத்தது. பின்னால் இந்தியாவின் கேப்டனானவருக்கே அந்தக் கதி. விசா, வேலை அனுமதி பற்றி ஒரு வார்த்தை பேசாமல் ட்ரையல் பற்றி மட்டும் பேசுகிறவர் கதையின் பாதியை மறைக்கிறார்.

முன்பணம். ஏஜென்ட்டின் கூலி வீரர் வாங்கப்போகும் சம்பளத்தில் ஒரு பங்கு. அதனால்தான் அது கமிஷன். வீரருக்கு இன்னும் 18 ஆகவில்லை என்றால், அவர் தொழில்முறை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் வரை ஏஜென்ட்டுக்குக் கூலியே கிடையாது என்று விதி சொல்கிறது. உங்கள் மகன் சம்பாதித்தால்தான் சம்பாதிப்பேன் என்று இருப்பவருக்கு அவன் முன்னேற்றத்தில் அக்கறை இருக்கும். மூன்றரை லட்சத்தை முதல் நாளே வாங்கிவிட்டவருக்கு அவன் ஆடினால் என்ன, ஆடாவிட்டால் என்ன? வீட்டு புரோக்கர்கூட சாவி கைக்கு வந்த பிறகுதான் கமிஷன் கேட்பார்.

ஐந்து வருடம். ஃபிஃபா விதிப்படி வீரருக்கும் ஏஜென்ட்டுக்கும் இடையிலான ஒப்பந்தம் 2 வருடத்துக்கு மேல் போகக் கூடாது. தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் என்று எழுதினால் செல்லாது. கையெழுத்துக்கு முன் தனியாக ஒரு வக்கீலிடம் காட்டச் சொல்ல வேண்டியது ஏஜென்ட்டின் கடமை. அதுமட்டுமில்லை, 18 நிரம்பாத பையனை அணுகவே ஒரு காலக்கெடு உண்டு. அந்த நாட்டில் முதல் தொழில்முறை ஒப்பந்தம் போடக்கூடிய வயதுக்கு 6 மாதம் முன்பிருந்துதான் அணுகலாம். அதுவும் பெற்றோரிடம் எழுத்துமூலம் சம்மதம் வாங்கிய பிறகுதான். சிறுவர்கள் சார்பில் பேச ஏஜென்ட் அதற்கென்று தனிப் பாடமும் முடித்திருக்க வேண்டும்.

நம் நாட்டுச் சட்டம் தனியாக ஒரு வேலி போட்டிருக்கிறது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர் போடும் ஒப்பந்தம் செல்லாது. 1903இல் மோஹரி பீபி வழக்கில் இது தீர்ந்துபோன விஷயம். ஆனால் 'உங்கள் மகன் கையெழுத்து வேண்டாம், அப்பா நீங்கள் போடுங்கள்' என்பார்கள். அப்போது பணத்துக்கும் நிபந்தனைகளுக்கும் பொறுப்பு உங்கள் தலையில் வந்து உட்காரும்.

ஐந்து வருடம் கழித்தும் விடமாட்டேன் என்கிற மாதிரி ஏதாவது வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். ஜாகீர் கான் வழக்கு இதற்கு நல்ல பாடம். 2000இல் ஒரு விளம்பர மேலாண்மை நிறுவனத்தோடு அவர் மூன்று வருட ஒப்பந்தம் போட்டிருந்தார். முடிந்த பிறகு வேறு நிறுவனத்துக்குப் போக நினைத்தால், அந்த வாய்ப்பை முதலில் எங்களுக்குத்தான் தர வேண்டும் என்று அதில் ஒரு ஷரத்து. அவர் வேறிடம் போனார், நிறுவனம் நீதிமன்றம் போனது. 2006இல் உச்ச நீதிமன்றம், ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் ஒருவரின் தொழிலைக் கட்டிப்போடும் ஷரத்து ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவுப்படி செல்லாது என்றது. சட்டம் உங்கள் பக்கம்தான். ஆனாலும் அந்த நீதி கிடைக்க ஜாகீர் கானே டெல்லி வரை போக வேண்டியிருந்தது.

நம் ஊரில் ஏஜென்ட் என்றாலே கிரிக்கெட்தான் நினைவுக்கு வரும், அதனால் ஒரு வார்த்தை. 1995இல் மார்க் மஸ்கரேனஸின் வேர்ல்டுடெல் நிறுவனம் சச்சினோடு 5 வருடத்துக்கு 30 கோடி ரூபாய் அளவில் ஒப்பந்தம் போட்டபோதுதான் இந்தியாவில் இந்தத் தொழிலே பேச்சானது. ஆனால் அந்தப் பணம் விளம்பரத்தில் வருவது. ஐபிஎல்லில் சம்பளத்தை ஏலம் தீர்மானிக்கிறது, அங்கே ஏஜென்ட் உட்கார்ந்து பேரம் பேச இடமே குறைவு. 2016இல், கிரிக்கெட் வாரியத்தைச் சீர்திருத்த உச்ச நீதிமன்றம் அமைத்த லோதா குழு தன் அறிக்கையில், வீரர்களின் ஏஜென்ட்டுகள் முறைப்படி பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று பரிந்துரைத்தது. கிரிக்கெட்டில் கேட்ட கதைகளைக் கால்பந்துக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள். இரண்டும் வேறு வேறு சந்தை.

இனி செய்ய வேண்டியது. வந்தவரிடம் ஃபிஃபா உரிம எண்ணைக் கேளுங்கள். உரிமம் பெற்றவர்களின் பட்டியல் ஃபிஃபா தளத்திலேயே இருக்கிறது, இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம். 'என் பாஸ் பெயரில் இருக்கிறது, நான் அவருக்காக வேலை செய்கிறேன்' என்றால் அந்த பாஸோடுதான் பேசுவேன் என்று சொல்லுங்கள். உரிமம் ஆளுக்குத்தான், ஆபீசுக்கு இல்லை. எந்தக் கிளப், எந்தத் தேதி என்று அந்தக் கிளப்பின் அதிகாரபூர்வ முகவரியிலிருந்து கடிதம் கேளுங்கள். வந்தால் அந்தக் கிளப்புக்கு நீங்களே நேராக எழுதி உறுதி செய்யுங்கள்.

அப்புறம் ஒன்று, இதற்கு ஏஜென்ட் யாரும் தேவையில்லை. உங்கள் மகன் ஆடும் கிளப் அவனை மாநிலச் சங்கத்தில் ஒழுங்காகப் பதிவு செய்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு வீரன் வெளிநாட்டில் முதல் தொழில்முறை ஒப்பந்தம் போடும்போது, 12 வயதிலிருந்து அவனை வளர்த்த கிளப்புகளுக்குப் பயிற்சி இழப்பீடு கேட்கும் உரிமை உண்டு. பின்னால் அவன் விலை போகும் ஒவ்வொரு சர்வதேச ட்ரான்ஸ்ஃபரிலும் 5 சதவீதம் அந்தக் கிளப்புகளுக்குப் பிரித்துத் தரப்படும். பதிவுச் சான்று இல்லாததால் அந்தப் பணத்தை விட்ட கிளப்புகள் நம் ஊரில் மட்டுமில்லை, எல்லா ஊரிலும் உண்டு. நாளைக்குக் கோச்சைப் பார்க்கும்போது முதலில் அந்தச் சான்றின் நகலைக் கேட்டு வாங்கிவையுங்கள்.